வளர்ந்து முடித்தவருக்கும் வளர்ச்சி ஹார்மோன்

உயரம் வளர்வது இருபது வயதையொட்டி நின்றுவிட்டாலும், வளர்ச்சி ஹார்மோனின் வேலை அத்துடன் முடிவதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அதை ஆயுள் முழுவதும், பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில், விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளை உண்டாக்க, இரண்டும் சேர்ந்து பழைய எலும்பைக் கரைக்கும் செல்களையும் புதிய எலும்பைக் கட்டும் செல்களையும் இயக்குகின்றன. அந்த ஹார்மோன் வற்றிப்போனால் இரு வேலைகளும் மந்தமாகி, பூட்டியே கிடக்கும் காரைவீட்டைப் போல, எலும்பு வெளித்தோற்றம் மாறாமல் உள்ளுக்குள் வலுவிழக்கிறது.

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழும் என் சின்னம்மாவுக்கு, வீட்டிலேயே நடந்த கடைசிப் பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டது. பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை. மாதவிலக்கும் பிறகு வரவேயில்லை. பேறுகாலத்தில் உடம்பு தளர்ந்துவிட்டது என்று ஊரார் சொன்னதை வீட்டாரும் ஏற்றுக்கொண்டார்கள். கர்ப்பத்தில் பருத்திருக்கும் பிட்யூட்டரிக்கு, இரத்தம் வெளியேறிய வேகத்தில் ஓட்டம் குறைந்து, சுரப்பியே பட்டுப்போகும் இந்நிலையை ஹரால்டு ஷீஹன் என்ற பிரிட்டிஷ் நோயியலாளர் 1937இல் விரிவாக எழுதியிருக்கிறார். நம் பகுதியில் வயல்வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும் இதே சுரப்பி பழுதாகிறது.

சின்னம்மாவின் முதுகுவலிக்காக மதுரையில் எக்ஸ்ரே எடுத்தபோது, எங்கும் விழுந்த நினைவே இல்லாத அவருடைய முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. இரத்தத்தில் தைராய்டு, அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசால், பாலின ஹார்மோன்களைத் தூண்டும் சுரப்புகள் என மூன்று வகையும் குறைந்து, ஐ.ஜி.எஃப்-1உம் தாழ்ந்திருந்தது. இப்படி மூன்று குறைகள் சேர்ந்தால், வளர்ச்சி ஹார்மோன் குறையை உறுதிசெய்யத் தனியே மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டிப் பார்க்கும் சோதனை தேவையில்லை என்று மருத்துவர் விளக்கினார்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் எலும்பு உடனே தேறும் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆனால் மந்தமாயிருந்த இரு வேலைகளும் ஒன்றாக வேகமெடுக்கும்போது கரைப்பு முந்திக்கொள்வதால், முதல் ஆண்டில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் அளவு சற்றுக் குறையவும் கூடும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே ஏற்றம் தெரிகிறது, அதுவும் ஆண்களிடம் கூடுதலாக. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கும் பெண்களுக்குக் கல்லீரலில் ஐ.ஜி.எஃப்-1 உற்பத்தி மட்டுப்படுவதால் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தால் இந்தச் சிக்கல் குறைவு. நாள்தோறும் போடும் இவ்வூசியின் விலையும், அதை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் காக்கும் பாடும் கிராமத்தில் எளிதல்ல.

எப்படியும் சின்னம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. சர்க்கரை நோய் விழித்திரையில் முற்றியிருந்ததால், கொடுக்கக் கூடாது என்று கண் மருத்துவரும் மறுத்துவிட்டார்.

ஊசியைப் பற்றிய பேச்சில் மறைந்துபோகும் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார்ட்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் தேவையை மீறினாலும், தைராய்டுக்கு ஈடான தைராக்சின் கூடினாலும் எலும்பு கரையும். இளவயதில் மாதவிலக்கு நின்ற பெண்ணை ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஈஸ்ட்ரோஜனுக்குரிய வயதைச் சின்னம்மா கடந்துவிட்டார். மற்ற இரண்டின் அளவுகளையும் மருத்துவர் திருத்தி, வைட்டமின் டி-யைச் சரிசெய்த பிறகு, எலும்புக் கரைப்பைத் தடுக்க ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலத்தைத் தொடங்கினார். இம்மருந்துகளை, குறிப்பாக ஹைட்ரோகார்ட்டிசோனை, நாமாகக் குறைப்பது உயிருக்கே ஆபத்து.

சிறுவயதிலேயே வளர்ச்சி ஹார்மோன் குறை வந்தவர்களின் நிலை இன்னும் கடுமையானது. உயரம் போதும் என்று ஊசியை நிறுத்திவிட்டால், எலும்பின் உச்ச அடர்த்தி கூடும் இருபதுகள் வீணாகலாம். குள்ளமானவர்களின் சிறிய எலும்பை டெக்ஸா உள்ளதைவிட அடர்த்தி குறைவாகவே காட்டும் என்பதையும் அறிக்கையைப் படிப்பவர் கருத வேண்டும்.

வீட்டில் கேப்பைக் களியும் காலை வெயிலும் வழக்கமாகிவிட்டன. வழுக்கும் ஆத்தங்குடித் தளத்தில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறோம். முகப்புப் படிகளில் கைப்பிடி வைத்தாயிற்று. கருவி மாறினால் அளவுகளை ஒப்பிடுவது கடினம் என்பதால், அடுத்த டெக்ஸாவுக்கும் காரைக்குடியைத் தாண்டி மதுரைக்கே போகிறோம்.