சங்கு இருக்கை: உள்மடிப்பில் மறுபடியும் துருப்புள்ளி

கடற்கரையில் உட்காருவதற்காக நாங்கள் செய்த சங்கு வடிவச் சிற்பம் இது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் சங்கின் உள்மடிப்பில் பதினொரு பழுப்புப் புள்ளிகள். உளியால் கொத்திப் பார்த்ததில் பதினொன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வலையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பி முடிச்சின் வால்.

உயரம் ஏழடி, சுவரின் கனம் 30 மி.மீ., ஃபெரோசிமெண்ட், அதாவது கம்பிவலைமேல் மெல்லிதாகப் பூசிய சிமெண்ட். 8 மி.மீ. கம்பிக்கூட்டின் மேல் கோழிவலை உள்ளே இரண்டு சுற்று, வெளியே இரண்டு சுற்று. வலைக்கு மேல் நிற்கும் பூச்சு 4, 5 மி.மீ.தான். முறுக்கி வெட்டிய வால் கொஞ்சம் நிமிர்ந்திருந்தாலே உப்புக்காற்று அதை எட்டிவிடுகிறது. துருவேறிய கம்பி பருத்துப் பூச்சைப் பிளக்கும். அந்த வெடிப்பு அடுத்த முடிச்சுக்கு ஈரத்தைக் கொண்டுபோகும்.

வாலைக் குறடால் உட்பக்கமாக மடக்கினால் மட்டும் போதாது. பழைய பனியன் துணியை வலைமேல் அழுத்தி இழுக்க வேண்டும். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே வால் இருக்கிறது. சங்கின் நடுத்தண்டுக்குப் பின்னால் கை நுழையாது என்பதால் வேலையின் வரிசையையே மாற்ற வேண்டும்: உட்சுற்றைக் கட்டி, துணியால் சோதித்து, பூசி முடித்த பிறகுதான் வெளிச்சுற்றுக் கம்பியை வளைப்பது. சேரும் இடத்தில் நான்கு அங்குல வலையைப் பூசாமல் விட்டு, மறுநாள் சிமெண்ட் பால் தடவித் தொடரலாம்.

கம்பி வாங்கும்போது பளபளப்பை நம்பக் கூடாது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஒரு நிமிடம் முக்கிக் கழுவித் துடைத்தால், துத்தநாகப் பூச்சு இருக்கும் கம்பியில் துடைத்தால் போகும் கறுப்புதான் படியும். பூச்சில்லாத இரும்பில் செம்பு பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். கடையில் கால்வனைஸ் என்று கொடுத்த ஒரு சுருள் அப்படித்தான் செம்பாகிவிட்டது. வெல்டிங் வைத்த இடங்களிலும் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். அங்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும்.

கலவை எடையில் சிமெண்ட் 1, மணல் 2. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குத் தண்ணீர் 20 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கடல் மணலும் உவர்ப்பான போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம்; நனைக்கும் தண்ணீருக்கும் இதே கட்டுப்பாடு. பூசியபின் ஈரச்சாக்கு போர்த்தி வைப்பது பதினான்கு நாள்.

சங்கின் வாய் கடலை நேராகப் பார்க்கவில்லை; 45 பாகை திருப்பியிருக்கிறோம். கடலில் ஆளைப் பறிகொடுத்தவருக்கு அலையைப் பார்க்கப் பிடிக்காத நாள் உண்டு. சாய்ந்து உட்கார்ந்தால் ஓசை மட்டும் குழிவில் திரண்டு காதுக்கு வரும். அதனால்தான் தலை படும் இடத்தில் டைல்ஸ் ஒட்டும்போது சொரசொரப்பு வேண்டாம் என்று முடிவு. ஓசையும் சிதறாது, முடியும் மாட்டாது.

மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் உப்புக்காற்றில் நிற்கிறது, அது வெண்கலம். அந்தச் செலவு கட்டாது என்பதால் அடுத்த சிற்பத்துக்கு, தாயும் குழந்தையுமாக இரண்டு அலைகள், வலையும் கட்டுக்கம்பியும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம். 304 ரகம் கடலோரத்தில் கறை பிடிக்கும். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் இந்தப் பதினொரு குழிகளையும் இரண்டு அங்குல அகலம் கொத்தி, வாலை வெட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து அடைக்க வேண்டும். ஆறு குழிகள் முடிந்துவிட்டன.