பெல்ஃபாஸ்ட் சகாய மாதா சந்நிதியில் ஒரு பொருத்தனை

பத்து வயதுகூட நிரம்பாத என் அக்காள் மகன், குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சோற்றைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்த நாட்களில், திருச்சி பாலக்கரை சகாய மாதா கோயிலின் புதன்கிழமை நவநாளைத் தவறவிடாத என் அம்மா, பேரன் வாய் திறந்து சோறு கேட்டுவிட்டால் அயர்லாந்தில் இருக்கும் நான் அங்குள்ள மாதா சந்நிதிக்குப் போய் நவநாளில் கலந்துகொள்வேன் என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே பொருத்தனை செய்துவிட்டார். நான்காம் நாள் அவன் ரசம் சாதம் கேட்டான். அதன்பின் எனக்கு மறுப்பேது?

பெல்ஃபாஸ்ட் நகரின் ஃபால்ஸ் சாலையை ஒட்டியுள்ள குளோனார்டு மடத்துக் கோயிலில் ஜூன் மாதத்தில் ஒன்பது நாள் பெருநவநாள் நடக்கிறது. டப்ளினிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறிச் சேர்ந்தபோது தூறல் விடவில்லை. கோயிலுக்கு முந்திய தெருவிலேயே சுற்றுலாக் கார்க்காரர்கள் இருவர் வழிமறித்து, சுவரோவியங்களையும் கல்லறைகளையும் ஒன்றரை மணி நேரத்தில் காட்டிவிடுவதாக விலை பேசினார்கள். செபமாலையைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகும் ஒருவர் பத்துப் பவுண்டு குறைத்துப் பார்த்தார். உள்ளே நிற்கவும் இடமில்லை. ஒரு வழிபாடு முடிந்து வெளியேறும் கூட்டமும் அடுத்ததற்கு நுழையும் கூட்டமும் வாசலில் மோதிக்கொண்டதில் என் குடை எங்கோ போயிற்று. மாதா காப்பாற்றட்டும், அது யாருக்கோ பயன்பட்டிருக்கும்.

நன்றிக் கடிதங்களை வாசித்தார்கள். குடியை விட்ட கணவர், வேலை கிடைத்த மகள் என்று நம் ஊர்க் கோயிலில் கேட்பவையேதான். அவை முடிந்து சகாய மாதா படத்தின் முன் மண்டியிட்டபோது, பிறந்ததிலிருந்து வீட்டுச் சுவரில் பார்த்துவந்த ஒன்றை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். வானதூதர்கள் ஏந்தி நிற்கும் சிலுவையையும் ஆணிகளையும் ஈட்டியையும் கண்டு அஞ்சித் தாயிடம் ஓடிவந்த குழந்தை இயேசுவின் செருப்பு ஒன்று வாரறுந்து தொங்குகிறது. தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை, அதன் இரு கைகளையும் தன் ஒரு கையில் வாங்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். வரப்போவது தெரிந்தும் தடுக்க முடியாத கண்கள் அவை. என் அக்காள் மருத்துவமனை வராந்தாவில் ஆறிப்போன கிண்ணத்தோடு அப்படித்தான் நின்றாள். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த மூதாட்டி ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையை நீட்டினார்.

கார்க்காரரை மறுத்தவன், திருப்பலி முடிந்ததும் அதே சாலையில் நடந்தே மில்டவுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வழியில் சுவர் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும் முகம், சிறையில் உண்ணாநோன்பிருந்து இறந்து அந்தத் தோட்டத்தில் அடக்கமான பாபி சாண்ட்ஸ் உடையது. 1954இல் பிறந்தவர், வண்டிக்கூடு கட்டும் தொழில் பழகியவர், ராத்கூல் பகுதியிலிருந்து மிரட்டலால் குடும்பத்தோடு ட்வின்புரூக்குக்குப் பெயர்ந்தவர், பதினெட்டு வயதில், வட அயர்லாந்தில் பிரிட்டன் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்தவர். 1976இல் ஒரு அறைகலன் கிடங்கு குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபின் காரில் துப்பாக்கியோடு பிடிபட்டு, அடுத்த ஆண்டு பதினான்கு ஆண்டுத் தண்டனை பெற்றார். அந்தத் துப்பாக்கியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த மோதலில் எல்லாத் தரப்பிலும் தாய்மார்கள் அழுதிருக்கிறார்கள். ஆனால் தங்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் அரசியல் கைதிகளாக நடத்தும்படி கேட்டு, சொந்த உடை, சிறைவேலை மறுப்பு உள்ளிட்ட ஐந்து கோரிக்கைகளோடு 1981 மார்ச் 1 அன்று அவர் உண்ணாநோன்பு தொடங்கியபின், சிறையார் வேளை தவறாமல் சாப்பாட்டைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துப் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்த மருத்துவமனைக் கிண்ணம்தான் கண்முன் வருகிறது. நம் பையனால் உண்ண முடியவில்லை. இவர் உண்ண மறுத்தார்.

நோன்பின் நடுவில், ஏப்ரல் 9 அன்று, பிரிட்டன் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஃபெர்மானா–தெற்கு டைரோன் தொகுதியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். மாத இறுதியில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலின் தூதராக அருட்தந்தை ஜான் மாகி சிறைக்கு வந்து, நோன்பைக் கைவிடும்படி மன்றாடி, பாப்பரசர் அனுப்பிய பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு அறையுண்ட சிலுவையை, கையில் கொடுத்தார். சுரூபத்தை வாங்கிக்கொண்டார்; நோன்பை விடவில்லை. நினைவு தப்பினாலும் மருத்துவர்களைத் தலையிட விடமாட்டேன் என்று தாய் ரோஸலீனிடம் வாக்குப் பெற்றிருந்தார். அறுபத்தாறாம் நாள், மே 5 அதிகாலையில், இருபத்தேழு வயதில் இறந்தார். அவரைத் தொடர்ந்து மேலும் ஒன்பது பேர் அதே நோன்பில் மாண்டார்கள். இது தற்கொலையா, பிறருக்காக உயிரைக் கொடுத்ததா என்று குருக்களே இரண்டுபட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்ல யார்?

கல்லறை மிக எளியது. தரையோடு பதித்த கல்லில் மற்றவர்களின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. கோயிலில் ஏற்றாமல் மிச்சம் வைத்திருந்த மெழுகுதிரியை அங்கே ஏற்ற முயன்றேன், காற்றும் தூறலும் மூன்று முறை அணைத்தன. அணைந்த திரியைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு செபமாலையின் துயரப் பகுதியான வியாகுல காரணிக்கம் சொன்னேன். துப்பாக்கி பிடித்த மகனுக்காக அல்ல, வாக்குக் கொடுத்து அதைக் காத்துக் கூடவே அமர்ந்திருந்த அந்தத் தாய்க்காக.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நவநாளைப் பற்றிய விவரங்களுக்கு “சேசுவே, மரியே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில், “அந்தப் பையனோட அம்மா இருக்காங்களாப்பா?” என்று கேட்டார். 2018 ஜனவரியில் இறந்துவிட்டார் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, வருகிற புதன்கிழமை அவர் பெயரில் ஒரு திரி ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு, பேரன் மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக் கத்துகிறான் என்று வைத்துவிட்டார்.