விநாடி எண்ணும் நாட்கள்

ஜூன் 18

குரல் நாண்களில் முடிச்சு இருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆசிரியர்களுக்கு அதிகமாக வருவதுதானாம். ஒரு மாதம் உரக்கப் பேசக் கூடாது. கிசுகிசுப்பது நாண்களை இன்னும் வருத்தும் என்பதால் அதுவும் கூடாது. ஏழாம் வகுப்பில் என் முன்னே 41 பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே உள்ள தகரச் சாய்ப்பில் மழை விழத் தொடங்கினால் நல்ல குரலே எடுபடாது.

ஜூன் 19

மூன்றாம் பெஞ்சில் சுவரோரம் உட்காருபவன் இன்றும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 23

பயிற்சிக் காலத்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் ஒரு விநாடிக்காரியாகவே இருந்திருக்கிறேன்.

இப்போது பேச முடியாததால் பொறுக்கிறேன். மேசைக்கு அடியில் விரல் மடக்கி எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. வகுப்பறையில் மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் 24

கை தூக்குபவர்கள் கூடியிருக்கிறார்கள். அவன் தூக்கவில்லை.

ஜூன் 27

காலை ஷிப்ட் முடிந்ததும் மும்பை தாராவியின் 90 அடி சாலையிலிருந்து பிரியும் அவனுடைய சந்துக்குப் போனேன். சென்ற ஆண்டு அவன் பாடவேளையில் தூங்கி விழுந்தபோது, "படிக்க வந்தாயா, தூங்க வந்தாயா?" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கேட்டவள் நான். அதற்கு முன்பு அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். அந்த நாளிலிருந்துதான் இல்லை.

அவனுடைய அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். அறையில் பாதியைக் கிரைண்டரும் இட்லிக் கொப்பரைகளும் அடைத்திருந்தன. இரவு 2 மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். 5 மணிக்குள் அடுக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டு அவனுடைய அப்பா பக்கத்துச் சயான் பகுதிக்கு இட்லி விற்கக் கிளம்பிவிட வேண்டும். துணி விரித்து, மாவு ஊற்றி, வெந்ததை எடுத்து அடுக்கும் வரை அவன்தான் கூட நிற்கிறான். "அவன் படிப்புல குறை வச்சுறாதீங்க" என்று அவர் சொன்னபோது எனக்குக் குரல் வராததற்கு முடிச்சு மட்டும் காரணமில்லை. கதவோரம் அவன் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். மாவுக் கறை போகாத வெள்ளைத் துணிகள்.

ஜூலை 1

பெரிய தவறு செய்துவிட்டேன்.

விகிதம் நடத்தினேன். பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுக்க வேண்டும் என்பதை எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நானும் இளைய ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், 12 கிலோ அரிசிக்கு எவ்வளவு உளுந்து?" என்று பலகையில் எழுதிவிட்டு, ஆசையோடு அவனைப் பார்த்தேன். நான் பார்த்ததை வகுப்பே பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ இட்லிக்காரரின் ஹாரன் போலப் "பாம், பாம்" என்று சத்தமெழுப்பினார்கள். அவன் தலை மேசை வரை தாழ்ந்தது.

அவனுடைய அம்மா என்னை நம்பி வீட்டுக்குள் உட்கார வைத்தார். அங்கே கண்டதை அவன் அனுமதியில்லாமல் பலகையில் எழுதினேன். உதாரணத்தில் பிழையில்லை, அது என்னுடையதாக இல்லை என்பதுதான் பிழை. ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு, அவன் தானாக வந்து சொல்வது வேறு என்பதை இவ்வளவு காலம் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜூலை 2

வரவில்லை.

ஜூலை 3

வரவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே சந்திலிருந்து வருகிற இருவர் நனைந்துகொண்டு வந்திருந்தார்கள்.

ஜூலை 4

பிரம்பைத் தொட்டதில்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் ஒரே வரியில் வைத்துத் தடுக்கிறது. முதல் பாதியைக் காப்பாற்றியதை வைத்துக்கொண்டே இத்தனை ஆண்டுகள் நிம்மதியாக இருந்திருக்கிறேன். தொண்டை வலி இன்று அதிகம். வெந்நீர்.

ஜூலை 7

வந்துவிட்டான்.

எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம் என்று இரண்டு நாட்களாக நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் அந்த ஹாரன் சத்தம் மறுபடியும் வகுப்புக்குள் வரும் என்று தோன்றியதால், அவனுடைய கணக்கு நோட்டில் எழுதினேன்: "அன்று உன்னைக் கேட்காமல் அந்தக் கணக்கை எழுதியது என் தவறு. சென்ற ஆண்டு கேட்டதும் தவறு." படித்தான். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

ஜூலை 8

"அவனெல்லாம் தேறுவானா டீச்சர், விடுங்க" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். அன்பானவர்தான், களைப்பில் சொன்னார். 1968இல் ரோசென்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. குலுக்கல் முறையில் பொறுக்கிய சில பிள்ளைகளை, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவில் சிறு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவு அவ்வளவு பெரியதல்ல என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். சிறியதாகவே இருக்கட்டும். அந்தச் சிறியது என் பார்வை வழியாகத்தானே போக வேண்டும்? இதைச் சொல்ல வாயெடுத்து, மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டேன். எழுதிக் காட்டியிருக்கலாம்.

ஜூலை 9

24 மாம்பழங்களில் 6 அழுகிவிட்டன, நூற்றுக்கு எத்தனை? கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாரையும் பார்க்கவில்லை. விரல் மடக்கினேன். ஒன்பது வரை போனது.

"நாலு" என்றான் அவன்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. பழைய நானாக இருந்தால் 'தப்பு' என்று அடுத்த பெஞ்சுக்குத் தாவியிருப்பேன். எப்படி வந்தது என்று கையால் கேட்டேன். மறுபடியும் எண்ணினேன். ஆறாவது விரலில், "நாலுல ஒண்ணு அழுகிருக்கு டீச்சர்" என்றான்.

சரியாகத்தான் வந்திருக்கிறான், நூறுக்குப் போகிற படி ஒன்றுதான் பாக்கி. அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளை அங்கிருந்தே தொடங்க வேண்டும், என் முறையிலிருந்து அல்ல, அவன் நிறுத்திய இடத்திலிருந்து.