பால்வெளி விழுங்கிய விண்மீன் திரள்

நம் பால்வெளி ஒரே மூச்சில் உருவானதன்று. சிறு விண்மீன் திரள்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கியும் அது வளர்ந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் 130 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவையும் நகர்வையும் அளந்து தந்தபோது, இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது. சூரியனுக்கு அருகே வந்துபோகும் சில விண்மீன்கள், மற்றவற்றைப் போல பால்வெளியின் வட்டத் தட்டோடு சேர்ந்து சுற்றாமல், மையத்தை நோக்கிப் பாய்ந்து மீண்டும் தொலைதூரம் வெளியேறும் நீண்ட பாதைகளில் செல்கின்றன. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளியில் மோதிச் சிதைந்த கையா-என்செலடஸ் என்னும் திரளின் எச்சங்களே அவை.

பாதையை விடவும் என்னைக் கவர்வது அவற்றின் வேதியியல். பெரும் விண்மீன்கள் தம் குறுகிய வாழ்நாள் முடிந்து வெடிக்கையில் மக்னீசியம் விரைவிலேயே பரவிவிடுகிறது. இரும்பின் பெரும்பகுதியோ, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குறு விண்மீன்கள் வெடிக்கும் வரை காத்திருந்து தாமதமாகவே வந்து சேர்கிறது. சிறிய திரளில் விண்மீன்கள் மெதுவாகப் பிறந்ததால், அதற்குள் இரும்பும் வந்து சேர்ந்துவிட, இரும்போடு ஒப்பிடும்போது மக்னீசியம் அவற்றில் குறைந்து நிற்கிறது. பிறந்த இடத்தை இத்தனை காலம் கழித்தும் நிறமாலையில், அதாவது நிறங்களாகப் பிரித்த விண்மீன் ஒளியில், படிக்க முடிகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

இந்த வளர்ச்சி இன்னும் நிற்கவில்லை: 1994இல் கண்டறியப்பட்ட தனுசு குறுந்திரள் இப்போதும் பால்வெளியின் ஈர்ப்பில் கிழிபட்டு, வானைச் சுற்றி வளையும் நீண்ட விண்மீன் ஓடையாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது.