கூரைக்குக் கீழே ஒரு மாசிக்கடை

கடைத்தெருவுக்கு யப்பானில் ஷோட்டெங்கை என்று பெயர். மழையும் வெயிலும் படாமல் தெரு நீளத்துக்கும் கூரை போட்டவை பல ஊர்களில் உண்டு. நாட்டிலேயே நீளமானது ஒசாகாவின் தென்ஜின்பஷிசுஜி: ஏறத்தாழ 2.6 கிலோமீற்றர், 600 அளவில் கடைகள். திருகோணமலையிலிருந்து படிக்கவோ வேலைக்கோ ஒசாகா போகிறவர்கள் மோலுக்கு முதல் இங்கே போங்கள். ஊர்ச்சனம் அன்றாடச் சாமான் வாங்கும் தெரு இது.

மினாமி மொரிமாச்சி ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நடப்பது நல்லது. பக்கத்திலேயே தென்மாங்கு கோயில். கல்வித் தெய்வத்தின் கோயில் என்பதால் சோதனை எழுதும் பிள்ளைகள் வந்து கும்பிடுவார்கள். காலை 9 மணிக்குப் போனால் பாதிக் கடை பூட்டியிருக்கும். 11 மணிக்குப் பிறகு போங்கள். குறுக்கு வீதி வரும் இடங்களில் கூரை அறுந்துவிடும், மழை நாளில் குடை வேண்டும்.

விலைச்சீட்டில் இரண்டு விலை இருந்தால் கூடிய விலைதான் நீங்கள் கொடுப்பது. அது வரியோடு சேர்ந்தது. எடுத்துச் செல்லும் சாப்பாட்டுக்கு வரி 8 சதவீதம், கடையில் இருந்து சாப்பிட்டால் 10. காசைக் கையில் நீட்டாமல் முன்னால் இருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். நடுவில் ஓட்டையுள்ள மஞ்சள் நாணயத்தில் எங்களுக்கு விளங்கும் இலக்கமே இருக்காது. அது 5 யென். ஓட்டையுள்ள வெள்ளி நிற நாணயம் 50.

உலர்சாமான் கடையைக் கண்டால் கட்டாயம் நில்லுங்கள். மூக்கில் ஏறுவது எங்கள் மாசி மணம்தான். அவர்களின் கட்சுவோபுஷியும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக் கட்டைபோல இறுகும்வரை காயவைத்ததே. நாங்கள் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் சீவுளியில் சீவுகிறார்கள். சீவல் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியது.

இதில் சாறு எடுக்க, ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை நிறுத்தி, 30 கிராம் சீவலைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் வடியுங்கள். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: ரசம்போல நினைத்துக் கொதிக்கவிட்டால், வடிக்கும்போது பிழிந்தால், துவர்த்துப்போகும்.

வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்களுக்கு ஒன்று. இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொன்னாலும் நூடில்ஸ் சூப்பிலும் அவித்த மரக்கறியிலும் இந்தச் சாறு இருக்கக்கூடும். “தாஷி வா சகானா தெசு கா?” என்று கேளுங்கள், சாறு மீனா என்று அர்த்தம். வீட்டில் சமைப்பதென்றால் அதே கடையில் கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி இருக்கும். அதை மட்டும் ஊறவைத்தாலே நல்ல சைவச் சாறு.

சீவலைப் பெரிய பையாக வாங்காதீர்கள். திறந்தால் மணம் கெதியில் போய்விடும். ஒருதரத்துக்கு அளவான சின்னப் பக்கெட்டுகள் உண்டு. சுடுசோற்றில் ஒன்றைத் தூவி, சோயா சோஸ் இரண்டு துளி விடுங்கள். ஆவி பட்டு இதழ்கள் நெளியும்போதே சாப்பிட வேண்டும்.