ஜி கம்பி காணாமல் போன கதை

மதுரையில் ஒரு ரிசப்ஷன் கச்சேரி முடிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சவுண்டு சர்வீஸ் அண்ணன் வந்து, "தம்பி, கீழ வாசிக்கிறப்ப மண்டபமே அதிருது. மேல போனா ஆளையே காணோமே?" என்றார். எனக்கும் அது தெரியும்தான். என் பேஸ் கிட்டாரில் கீழ் ஸ்வரம் தரும் தடித்த ஈ, ஏ கம்பிகள் முழங்கும். மேல் ஸ்வரம் தரும் மெல்லிய டி, ஜி இரண்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல இருக்கும். கை பழகிவிட்டதால், டி, ஜி வரும் இடங்களில் எல்லாம் கூடுதலாக அடித்துச் சமாளித்து வந்தேன்.

முதலில் கம்பிகளைச் சந்தேகப்பட்டேன். புது செட் மாட்டினேன், தடிமன் 45 முதல் 105 வரை (ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில்). சத்தம் பளிச்சென்று ஆனது, வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. காசு போனதுதான் மிச்சம். அப்புறம் என் விரலைச் சந்தேகப்பட்டேன். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: ஏ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), அழுத்தாத டி கம்பியும் ஒரே ஸ்வரம். பிளெக்ட்ரமால் (கம்பியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் வில்லை) ஒரே அழுத்தத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து லேப்டாப்பில் பதிவு செய்தேன். டி பக்கம் 7 டெசிபல் குறைவு. விரல் நிரபராதி. ஹெட்போனிலும் அப்படியே கேட்டதால் ஆம்ப்ளிஃபயரையும் சந்தேகத்திலிருந்து விட்டுவிட்டேன்.

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் மாதிரியில் செய்த ஒரு மலிவு நகல். 1957-இல் அந்த பேஸுக்கு வந்த பிக்கப் (கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வைக் காந்தத்தால் மின் சைகையாக்கும் பாகம்) இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு, இன்னொன்று டி, ஜி கம்பிகளுக்கு. அதாவது என் பிரச்சினை சரியாக ஒரு துண்டின் எல்லையில் தொடங்கியது. இதை அன்றைக்கே யோசித்திருந்தால் ஒரு செட் கம்பி மிச்சமாகியிருக்கும்!

கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் காந்த முனைக்கும் இடையில் அளந்தேன். ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் ஏறக்குறைய 6. சரி, திருகைத் தளர்த்தினால் பிக்கப் மேலே வரவேண்டும். (இறுக்கினால் கீழே போகும். முதல்முறை எல்லோருக்கும் இது குழப்பும்.) தளர்த்திப் பார்த்தேன், அசையவே இல்லை. கம்பிகளை இளக்கி, திருகுகளைக் கழற்றி, வயர் அறுந்துவிடாமல் மெல்லத் தூக்கினேன். அடியில் பிக்கப்பை மேலே தள்ளவேண்டிய பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

அக்காவின் பழைய யோகா மேட்டில் ஓரமாக ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து அடியில் வைத்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆர்வக்கோளாறில் ஜி பக்கத்தை 1 மில்லிமீட்டர் வரை ஏற்றிவிட்டேன். மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் அலைபாய ஆரம்பித்தது; சுருதி காட்டும் டியூனரில் முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. காந்தம் மிக அருகில் இருந்தால் கம்பியையே இழுத்துவிடும். அரைச் சுற்று இறக்கு, வாசி, கேள், மறுபடி அரைச் சுற்று என்று இறக்கிக் கடைசியில் 2 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். ஜி கம்பி மெல்லியது. அதனால் அந்தப் பக்கம் பிக்கப் கொஞ்சம் நெருங்கித்தான் இருக்கவேண்டும். ஏ மட்டும் ஈயைவிடத் தணிந்து கேட்டது. அந்தத் துண்டின் ஏ பக்கத் திருகைக் கால் சுற்று தளர்த்தியதும் அதுவும் சேர்ந்துகொண்டது. பிரிட்ஜில் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) கம்பி உயரத்தை மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் இத்தனையும் மறுபடி செய்யவேண்டும்.

ஜி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் மட்டும் இன்னும் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. அது பிக்கப் விவகாரம் இல்லை. கழுத்து மரமே அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது, திருகால் ஒன்றும் நடக்காது. நீட்டிப் பிடிக்கவேண்டிய இடம் வந்தால் அதே ஸ்வரத்தை டி கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் வாசித்துவிடுகிறேன்.