நிறுத்தி வைத்த அம்பாசடரில் பேட்டரியைக் குடித்தது எது?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கொட்டகையில் அப்பச்சியின் பெட்ரோல் அம்பாசடர் நிற்கிறது. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவேன். இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு எங்களுடையது. முகப்பிலிருந்து வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டிக் கொட்டகைக்குப் போவதற்குள் வண்டி எடுக்குமா எடுக்காதா என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்க இதே பாடுதான். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், புது பேட்டரி போட்டேன். எட்டு மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது. "பழைய வண்டி தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி கடையில் அடுத்த பேட்டரியை எடுத்து வைத்தார்கள். வேண்டாம், இதைச் சார்ஜ் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். பேட்டரியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து திரும்பும்போது சிக்ரி ஞாபகம் வந்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம், பேட்டரியைப் பற்றி ஆராய்கிற இடம். அது இருக்கிற ஊர்ப்பக்கத்தில் பிறந்துவிட்டு, அளந்துகூடப் பார்க்காமல் இரண்டாவது பேட்டரி வாங்கப் போனோமே என்று உறுத்தியது. அன்றைக்கே ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன்.

சார்ஜ் ஏற்றி ஒரு ராத்திரி சும்மா விட்டு அளந்தால் 12.65 வோல்ட். நல்ல பேட்டரி முழுசாக இருக்கும்போது 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.2-க்கு வந்தால் பாதி காலி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சரி, அதை வண்டியில் வைத்து, நெகட்டிவ் கிளாம்பை மட்டும் மாட்டாமல் விட்டுவிட்டுத் திருச்சி போனேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் 12.58. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பானர் போதும், ஆனால் பாதிக் கேள்விக்கு இதிலேயே பதில் கிடைத்துவிட்டது: பேட்டரியில் குறையில்லை, வண்டிதான் அதைக் குடிக்கிறது.

அப்புறம் கசிவை, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகிற கரண்டை அளந்தேன். சாவியை எடுத்துவிட்டு, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவையும் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் உள்விளக்கு எரிகிற கரண்டும் கணக்கில் சேரும். எனக்கு 0.24 ஆம்பியர் காட்டியது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத இந்தக் காலத்து வண்டியில், நிற்கும்போது ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம் அது.

எல்லாரும் ஸ்டீரியோவைத்தான் கை காட்டினார்கள். அதைக் கழற்றினேன், 0.22-க்குத்தான் இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.22 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து ஆம்பியர்-அவருக்கு மேல், இரண்டு வாரத்தில் எழுபதைத் தாண்டும். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60 ஆம்பியர்-அவர்தான். இப்படித் திரும்பத் திரும்ப அடிமட்டம் வரை காலியானால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து, எந்த நல்ல பேட்டரியும் சீக்கிரம் வீணாகிவிடும். முதல் பேட்டரியும் இப்படித்தான் போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இந்த வண்டியில் அவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், எதிலும் எண் அசையவில்லை. ஃபியூஸ் வழியாகப் போகாத கம்பிகள்தான் மிச்சம். செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது ஒன்று, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரிலிருந்து வருகிற தடித்த கம்பி இன்னொன்று. ஆல்டர்நேட்டரை நான் சந்தேகப்படவே இல்லை, ஏனென்றால் வண்டி ஓடும்போது 13.9 வோல்ட் காட்டியது, பார்த்த மெக்கானிக்குகளும் "சார்ஜ் நல்லாத்தானே ஏறுது" என்று அதை விட்டுவிட்டார்கள். கிளாம்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடித்த கம்பியை எடுத்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி மீட்டரை வைத்தேன். 0.00. கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி.

காரைக்குடியில் வயதான எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சொன்னார், உள்ளே டயோடு கசிகிறது என்று. டயோடு என்பது ஒருவழிக் கதவு மாதிரி, ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்டை விடும், திரும்பி வர விடாது. அந்தக் கதவு சரியாக மூடாவிட்டாலும் ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கும், நிறுத்திய பிறகுதான் பின்பக்கமாக ஒழுகும். டயோடு பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார். செலவு புது பேட்டரி விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"எர்த்தையும் பார்த்துருங்க தம்பி" என்று அவரே சொல்லியனுப்பினார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே அளந்தேன், 0.9 வோல்ட் அங்கேயே வீணானது. பேட்டரி நெகட்டிவை வண்டியோடு இணைக்கிற எர்த் பட்டையின் போல்ட் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் 0.2-க்கு வந்தது, செல்ஃபின் சத்தமே மாறிவிட்டது. பூத்துப்போயிருந்த டெர்மினலை ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி வாசலின் தடவினேன்.

போன முறை இருபது நாள் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. சாவியைத் திருப்பியதும் எடுத்தது. ஆத்தாவை உட்கார வைத்துப் பிள்ளையார்பட்டி போய்விட்டு இருட்டுவதற்குள் வந்தோம். ஹாரன்தான் சில நேரம் அடிக்க மாட்டேன் என்கிறது, அடுத்த தடவை அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்.